தாங்கி பார்க்க வந்தவர்கள்

சிலர் யோசிக்காமல் செய்து காரியத்தைக் கெடுப்பார்கள். அவர்களை மன்னிக்கலாம். நான் அந்த வகை இல்லை. உட்கார்ந்து யோசித்து, கட்டம் கீறி, கட்டத்துக்கு நிறம் தீட்டி, நாலு பேரோடு சண்டை பிடித்து, ஓட்டை ஒடிசல் இல்லாமல் திட்டம் போட்டுக் கெடுக்கிற வகை. என் வாழ்க்கையில் ஆகக் கவனமாகத் திட்டமிட்ட காரியம் எது என்று கேட்டால், அனலைதீவு மழைநீர்த் தாங்கி மதிப்பீட்டைத்தான் சொல்வேன். ஆகக் கேவலப்பட்டதும் அதிலேதான்.

அப்போது நான் ஊர்காவற்றுறையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட உத்தியோகத்தர். வெளிநாட்டுக் காசு கொழும்புக்கு வந்து, அங்கே கொஞ்சம் இளைத்து, யாழ்ப்பாணத்துக்கு வந்து, அங்கே இன்னும் கொஞ்சம் இளைத்து, கடைசியில் சீமெந்தாக மாறுகிற இடத்தில் நான் நின்றேன். வயது முப்பத்திரண்டு. கலியாணம் ஆகவில்லை. (இதை நான் பெரிய விசயமாக எடுக்கவில்லை. ஊர் எடுத்தது.) சொந்த ஊரே அனலைதீவுதான். காலையில் படகேறி ஓபிசுக்குப் போவேன், பின்னேரம் படகேறி வீட்டுக்கு வருவேன். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்.

எங்கள் ஊரில் எங்கே கிண்டினாலும் தண்ணீர் வரும். வாயில் வைக்க ஏலாது, அவ்வளவு உவர். நல்ல தண்ணீர்க் கிணறு இருப்பது ஒரு மூலையில். ஆகவே கூரையில் விழுகிற மழையைப் பிடித்துச் சேர்க்க, வீட்டுக்கு வீடு சீமெந்துத் தாங்கி கட்டிக்கொடுத்தோம். திறப்பு விழாவுக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் கழுத்தில் மாலையோடு தாங்கியைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தார். இரண்டு மாரி போயிற்று. உப்புக்காற்று சும்மா இருக்குமா? உள்ளே கிடந்த கம்பியைத் தேடிப் பிடித்துத் தின்றது. தாங்கிகள் ஒவ்வொன்றாக வெடிக்கத் தொடங்கின.

எங்கள் ஒழுங்கையில் இருக்கிற தவமணி அக்காவின் தாங்கி முதலில் வெடித்தது. அவருடைய புருசன் கடலுக்குப் போகிறவர். வீட்டில் ஐந்து வாய். முற்றத்தில் ஆளுயரத் தாங்கி ஒன்றை வைத்துக்கொண்டு, அவர் பழையபடி சைக்கிளில் கான் கட்டித் தண்ணீருக்குப் போய்வந்தார். வழியில் என்னைக் கண்டால் ஒன்றும் பேசமாட்டார். கானை ஒருமுறை தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். அதற்குப் பதில் நாலு ஏச்சு ஏசியிருந்தால் நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

திருத்த வழி இல்லாமல் இல்லை. காசு தந்தவர்களிடம் இரண்டாம் கட்டத்துக்கென்று பணம் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் வெளியாள் ஒருவரைக் கொண்டு மதிப்பீடு செய்யவேண்டும் என்றார்கள். தாங்கியில் குறை இருக்கிறது என்று அறிக்கை வந்தால், திருத்தக் காசு வரும். எல்லாம் திறம், சனம் சந்தோசம் என்று வந்தால், கோப்பை மூடிவிட்டு வேறொரு நாட்டுக்குப் போய்விடுவார்கள். அதாவது ஊர் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் தவமணி அக்காவுக்குத் தண்ணீர். சொல்லாவிட்டால் கான். விசயம் இவ்வளவுதான்.

எங்கள் முகாமையாளர் நடேசன் சேரிடம் வழக்கமான மதிப்பீட்டாளர் ஒருவர் இருந்தார். அந்த மனுசன் காலைப் படகில் வந்து, மத்தியானம் நண்டுக்கறியோடு சாப்பிட்டு, பின்னேரப் படகில் திரும்பி, கிழமை முடிய முதல் 'மிகச் சிறப்பு' என்று எழுதி அனுப்பிவிடுவார். ஒருமுறை ஆடு வளர்ப்புத் திட்டத்துக்கு எழுதிய அறிக்கையில் ஆடு என்று வந்த இடமெல்லாம் தையல் மெசின் என்று மாற்றி இன்னொரு திட்டத்துக்கு அனுப்பினார். அதில் 'தையல் மெசின்கள் நன்றாகக் குட்டி போட்டுள்ளன' என்று ஒரு வரி தப்பிக் கிடந்தது. (ஆர் வாசிச்சது? நான் ஒருத்திதான்.) இந்தமுறை அவர் வரக்கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். சேர் என்னோடு கதைத்துக் களைத்துப்போய், என்ன கோதாரியாவது செய்யும் என்று விட்டுவிட்டார்.

விடுவேனா? மதிப்பீட்டாளர் என்னென்ன செய்யவேண்டும், எப்படிச் செய்யவேண்டும் என்று பதினெட்டுப் பக்கத்தில் ஒரு வேலைக்குறிப்பு எழுதினேன். மதிப்பீட்டாளர் யாழ்ப்பாணத்து ஆளாக இருக்கக்கூடாது. இருந்தால் எப்படிச் சுற்றி வந்தாலும் எனக்கு ஒன்றுவிட்ட மச்சானாகத்தான் முடியும். வீடுகளைச் சீட்டுக் குலுக்கித் தெரிந்தெடுக்கவேண்டும். ஒரு வீட்டுக்காரர் சொல்வது சரியா என்று பக்கத்து வீடுகளில் மெல்ல விசாரிக்கவேண்டும். திட்ட உத்தியோகத்தரின் குணம், நடத்தை, சனத்தோடு பழகுகிற விதம் எல்லாவற்றையும் கட்டாயம் கேட்கவேண்டும். அந்த உத்தியோகத்தர் (அது நான்தான்) மதிப்பீட்டாளர் ஊரில் நிற்கிற நேரம் வீட்டை விட்டு வெளிக்கிடவே கூடாது. என் முகத்தைக் கண்டால் சனம் முகதாட்சணியத்துக்குப் பொய் சொல்லும் அல்லவா? எழுதி முடித்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா இரண்டாம் பக்கத்தில் நித்திரையாகிவிட்டார்.

விண்ணப்பித்தவர்களில் மட்டக்களப்பைச் சேர்ந்த பத்மா மிஸ்ஸைத் தெரிந்தெடுத்தோம். ஐம்பத்தைந்து வயது மதிக்கலாம். கரை வைத்த சேலை, தங்க விளிம்புக் கண்ணாடி, ஆளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கிற பழக்கம். அவருக்கு உதவியாளர் சுதன். முப்பது வயது, நல்ல உயரம், ஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டு. வெயில் ஏறினால் பத்மா மிஸ்ஸுக்குக் குடை பிடிப்பான். இரண்டு பேரையும் ஊர்காவற்றுறை ஓபிசில் சந்தித்தபோது, இவ்வளவு பொருத்தமான ஆட்கள் கிடைத்தார்களே என்று எனக்குப் புளகாங்கிதம். பொருத்தம் என்ற சொல்லை ஊரும் அதே நேரத்தில் பாவிக்கப்போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஊருக்கு அறிவிக்கிற பொறுப்பைச் சின்னத்துரை அண்ணையிடம் கொடுத்தேன். அவர் தாங்கிச் சங்கத்தின் தலைவர், இறங்குதுறையில் தேத்தண்ணிக்கடை வைத்திருப்பவர். படகில் இருந்து கால் வைக்கிற எவரும் அவரைத் தாண்டித்தான் ஊருக்குள் போகவேண்டும். அவரிடம் நான் சொன்னதை இன்றைக்கும் ஒரு சொல் பிசகாமல் சொல்வேன், ஏனென்றால் அதற்குப் பிறகு ஊரே அதை எனக்குச் சொல்லிக் காட்டியிருக்கிறது.

"அண்ணை, செவ்வாய்க்கிழமை மட்டக்களப்பிலை இருந்து ஒரு அம்மாவும் ஒரு பெடியனும் வருவினம். தாங்கியளைப் பாப்பினம், வீடுவழிய விசாரிப்பினம். என்னைப் பற்றியும் கேப்பினம். உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கோ. நான் வெளியிலை வரமாட்டன், வரவும் கூடாது."

இதில் ஒரு சொல்லாவது பொய்யா? இல்லை. சின்னத்துரை அண்ணை கையில் இருந்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்த மாதிரி இருந்தது. திட்டத்தில் மனுசனுக்கு எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன்.

"நீர் ஒண்டுக்கும் யோசிக்காதையும் பிள்ளை," என்றார். "இந்தமுறை நாங்கள் பாத்துக்கொள்ளுறம்."

'இந்தமுறை' என்றால் என்ன என்று கேட்கிற மூளை அன்றைக்கு எனக்கு இருக்கவில்லை. பதினெட்டுப் பக்கத்தில் முழுவதையும் செலவழித்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அம்மா விடியவே தலைக்குக் குளித்துவிட்டு நின்றார். முற்றம் பளிச்சென்று கூட்டிக் கிடந்தது. என்னையும் முழுகச் சொன்னார். நீலச் சேலையை எடுத்துக் கட்டிலில் வைத்தார். நான் வெளியில் போகவே மாட்டேன், எனக்கு எதற்குச் சேலை என்று கேட்டேன். வீட்டுக்குள்ளே இருந்தாலும் வடிவாக இருக்கவேண்டும் என்றார். ஒரு மதிப்பீட்டை இவ்வளவு மதிக்கிற தாய் யாருக்குக் கிடைப்பார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

சாளரத்துச் சீலையை விலக்கிப் பார்த்தேன். பத்மா மிஸ் முன்னுக்கு, சுதன் குடையோடு பக்கத்தில், ஒழுங்கையில் நடந்துபோனார்கள். வேலிக்கு மேலால் எல்லா வீட்டிலும் தலைகள். தவமணி அக்கா படலையடிக்கே ஓடிவந்து கூட்டிப்போனார். என் திட்டம் கடிகாரம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பத்து மணிபோல் குசினிக்குப் போனேன். அம்மா அவசரமாக ஒரு வெறுந் தட்டத்தைக் கழுவிக்கொண்டு நின்றார். முகத்தில் களவு. துருவித் துருவிக் கேட்டதில், ஒரு தட்டம் நிறையப் பயற்றம்பணியாரம் வேலியால் தவமணி அக்கா வீட்டுக்குப் போய், அங்கே பத்மா மிஸ்ஸின் கைக்குப் போய்விட்டது தெரிந்தது. நான் தலையில் கைவைத்தேன். மதிப்பீட்டாளருக்கு உத்தியோகத்தர் வீட்டிலிருந்து சாப்பாடு போனால் அது லஞ்சம் என்று கத்தினேன். வீட்டு வாசல் தேடி வந்த சனத்துக்கு ஒரு வாய் குடுக்கிறது எந்த ஊரில் லஞ்சம் என்று அம்மா திருப்பிக் கேட்டார். வேலைக்குறிப்பில் எல்லாவற்றையும் எழுதிய நான் பணியாரத்தை எழுதாமல் விட்டுவிட்டேன்.

அவர்கள் அன்று பள்ளிக்கூட ஆசிரியர் விடுதியில் தங்கினார்கள். பின்னேரம் பத்மா மிஸ் போன் எடுத்தார். நான் பேனையும் கையுமாக இருந்தேன்.

"தங்கச்சி," என்றார், "நான் முப்பது வருசமா இந்த வேலை செய்றன். இப்படி ஒரு திட்டத்த நான் எங்கயும் காணல்ல. ஒரு தாங்கியும் வெடிக்கல்லயாம்."

"ஊரிலை எந்தப் பக்கத்திலை, மிஸ்?"

"எந்தப் பக்கத்திலயும்."

பிறகு அவர் சொன்னதைக் கேட்டுப் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். தவமணி அக்கா தாங்கியின் வெடிப்புக்கு மேலே பாயைத் தொங்கவிட்டு, பாய்க்கு முன்னால் தானும் நின்றாராம். பாய்க்குக் கீழால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்து சுதனின் காலில் கிடந்த சப்பாத்து நனைந்திருக்கிறது. இது என்ன என்று கேட்டானாம். தாங்கி வேர்க்கிறது என்றாராம். எந்த வீட்டுக்குப் போனாலும் தாங்கியைப் பற்றி இரண்டு சொல், உத்தியோகத்தரைப் பற்றி இரண்டு மணித்தியாலம். நான் தங்கமாம். நான் இறால்கறி வைத்தால் ஒழுங்கைக்கே மணக்குமாம். முடி முழுக்கச் சொந்த முடியாம். பல்லில் ஒன்றும் கட்டினது இல்லையாம். நான் குரலை உயர்த்தி ஊரில் ஒருவரும் கேட்டதே இல்லையாம். (அந்த இடத்தில்தான் எனக்கே சந்தேகம் வந்தது.)

"இதெல்லாம் தாங்கிக்கு என்னத்துக்கு எண்டு எனக்கு விளங்கல்ல," என்றார் பத்மா மிஸ். குரல் மாறியிருந்தது. "ஆனா ஒண்டு விளங்குது. ஆரோ சொல்லிக் குடுத்திரிக்கிறாங்க. நாளைக்குக் காலையில ஊர்க் கூட்டம் இரிக்கி. அங்கயும் இப்படித்தான் எண்டா, உங்கட ஓபிஸ் சனத்துக்குப் பாடமாக்கிக் குடுத்தது எண்டுதான் நான் எழுதவேண்டி வரும்."

போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சனம் சொன்னதை அப்படியே எழுதினால் எல்லாம் திறம், கோப்பு மூடப்படும். அவர் சந்தேகப்படுவதை எழுதினால் மோசடி, கோப்போடு சேர்த்து என்னையும் மூடுவார்கள். இரண்டில் எது நடந்தாலும் தவமணி அக்காவுக்குக் கான்தான். பாய் தொங்கவிட்டதும் அதே தவமணி அக்காதான். என்ன சனம் இது என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் முழுக்க ஆசை.

"என்னவாம் பிள்ளை? பிடிச்சிருக்காமோ?"

"ஆருக்கு?"

"பெடியனுக்கு."

எனக்கு விளங்க ஒரு நிமிசம் எடுத்தது. பிறகு எல்லாம் ஒன்றாக விளங்கியது. வெளியூரிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு அம்மா. பக்கத்தில் வடிவான பெடியன். வீடுவழிய விசாரிப்பு. அக்கம்பக்கத்தில் மெல்லக் கேட்பு. பெண்ணின் குணம், நடத்தை. பெண் மட்டும் வீட்டை விட்டு வெளிக்கிடாமல் உள்ளே. சம்பந்தம் விசாரிக்க வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் வேறு எப்படி வருவார்கள்? தாங்கியையும் பார்த்தார்களே என்றால், மாப்பிள்ளை வீட்டார் தண்ணீர் வசதி பார்க்காமலா பெண் எடுப்பார்கள்? பதினெட்டுப் பக்கத்தில் நான் என்னை அறியாமல் எழுதி வைத்திருந்தது பெண் பார்க்கும் படலம்.

அம்மா சொன்ன மிச்சக் கதையில் 'இந்தமுறை'க்கும் விளக்கம் கிடைத்தது. மூன்று வருசத்துக்கு முன் கனடாவிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்து, அவர்களுடைய மாமா ஒருவர் ஊரில் விசாரித்துவிட்டுப் போனவர், போனவர்தான். அவர் விசாரித்தது தவமணி அக்காவிடம். பிள்ளை தங்கம், என்ன, வாய்தான் கொஞ்சம் கூட என்று அக்கா உள்ளதைச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு நெஞ்சில் முள். இந்தமுறை ஒரு சொல் பிழையாக வரக்கூடாது என்று சின்னத்துரை அண்ணையும் அவருமாக வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளையின் தாங்கியைக் குறை சொன்னால் பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி என்று ஊர் முடிவெடுத்திருக்கிறது. அந்த ஊருக்குள் ஒற்றுமையாக ஒரு காரியம் நடந்து நான் அதுவரை கண்டதில்லை.

கத்தினேன். வடிவாகக் கத்தினேன். அவர்கள் தாங்கி பார்க்க வந்தவர்கள், அந்தப் பெடியனுக்குக் கலியாணம் முடிந்து கைக்குழந்தையும் இருக்கிறது, உங்களுக்கெல்லாம் விசரா என்று கேட்டேன். அம்மா கதிரையில் போய் இருந்தார். சேலைத் தலைப்பை மடித்து மடித்து விரித்தார்.

"நீ என்னட்டைப் பொய் சொல்லேல்லை," என்றார் கடைசியில். "நானாத்தான் நினைச்சனான். காலமை தொடக்கம் எவ்வளவு சந்தோசமா இருந்தனான் தெரியுமே."

கத்தினதை எடுத்து விழுங்க வழி இருந்தால் விழுங்கியிருப்பேன். பக்கத்தில் போய் இருந்தேன். மிச்சம் இருந்த பணியாரத்தை இரண்டு பேருமாகச் சாப்பிட்டோம். நல்லாத்தான் இருந்தது.

அடுத்த நாள் காலையில் நடேசன் சேருக்குப் போன் எடுத்து விசயத்தைச் சொன்னேன். அவர் சிரித்து முடியும்வரை காத்திருந்தேன். நல்லா வரப்போகிற அறிக்கையை ஏன் போய் நோண்டுகிறீர், பத்மா மிஸ்ஸைச் சமாளிக்கலாம், பேசாமல் வீட்டில் இரும் என்றார். வீட்டில் இருந்தால் மானம் மிஞ்சும். போனால் நான் எழுதிய விதியை நானே மீறவேண்டும், அதைவிட மோசம், என்னைக் கட்ட ஒருவரும் வரவில்லை என்று ஊர் முழுக்கக் கூடியிருக்கிற இடத்தில் என் வாயாலேயே அறிவிக்கவேண்டும். கொஞ்ச நேரம் கட்டிலில் படுத்துக் கிடந்தேன். அப்போது ஒழுங்கையில் தவமணி அக்காவின் சைக்கிள் போனது. கூட்டத்துக்கு முதல் ஒரு நடை தண்ணீருக்குப் போகிறார். கான் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போட்டது. எழும்பிச் செருப்பை மாட்டினேன்.

பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. நான் வாசலில் கால் வைத்ததும் எல்லாப் பேச்சும் நின்றது. பெண்கள் பக்கத்தில் நாலைந்து பேர் வாயைப் பொத்தினார்கள். மாப்பிள்ளை வீட்டார் இருக்கிற இடத்துக்குப் பெண் தானாக நடந்து வந்துவிட்டதே. பத்மா மிஸ் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். விதி எழுதியவளே விதியை முறிக்கிறாள் என்று அவருக்குக் கோபம். நான் மேடைப் பக்கம் போக முதல், சங்கத்துப் பெண்கள் இரண்டு பேர் என்னைப் பிடித்துப் பின் அறைக்குள் இழுத்தார்கள். தலைமுடியைச் சரிப்படுத்தினார்கள். இல்லை, நான் ஒன்று சொல்லவேண்டும் என்றேன். சொல்லலாம், முதலில் இதைக் கொண்டுபோய்க் கொடும் என்று தேத்தண்ணித் தட்டத்தைக் கையில் திணித்து முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள்.

தட்டத்தைப் போட்டால் சூடு. பிடித்தால் மானம் போகும். பிடித்துக்கொண்டே நடந்தேன். ஊர் முழுக்க மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க, நான் சேலையோடு தலைகுனிந்து (தேத்தண்ணி ஊற்றுப்படாமல் பார்க்கத்தான் குனிந்தேன்) போய் சுதனுக்கு முன்னால் நின்றேன். நீலச் சேலை வேறு. அவசரத்தில் கட்டிலில் கிடந்ததைக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். சுதன் பதறி எழுந்து நின்றான். பின்னால் ஒரு கிழவர், உயரப் பொருத்தம் நல்லாத்தான் இருக்கு என்று சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது.

தட்டத்தை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தேன். வாயில் வந்தது இதுதான்.

"இவை என்னைப் பாக்க வரேல்லை. தாங்கியைப் பாக்க வந்தவை. இவருக்குக் கலியாணம் முடிஞ்சுது, பிள்ளையும் இருக்கு. எனக்கு ஒரு சம்பந்தமும் வரேல்லை."

சுதன், ஓம், பொம்பிளைப் பிள்ளை, நாலு மாதம் என்று ஆதாரம் கொடுத்தான். தவமணி அக்கா எழும்பினார். சைக்கிள் மிதித்து வந்த வேர்வை இன்னும் காயவில்லை.

"அப்ப கலியாணம் இல்லையோ?"

"இல்லை அக்கா."

"வடிவா யோசிச்சுச் சொல்லும். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது."

"இல்லை அக்கா. சத்தியமா இல்லை."

அக்கா நெஞ்சில் கைவைத்து ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு பத்மா மிஸ்ஸின் பக்கம் திரும்பினார்.

"அப்ப எழுதுங்கோ மிஸ். என்ர தாங்கி போன தையிலையே வெடிச்சுப்போச்சு. வேர்க்கிறதாவது மண்ணாவது."

அணை உடைந்த மாதிரிதான். அதற்குப் பிறகு மண்டபத்தில் ஒருவரும் கதிரையில் இருக்கவில்லை. என்ர தாங்கி அடியிலே வெடிப்பு, என்ர தாங்கிக்கு மூடி இல்லை, என்ர தாங்கிக்குள்ளே கோழி விழுந்து செத்தது என்று ஆளுக்கு ஆள் முண்டியடித்தார்கள். சுதன் எழுதி எழுதிக் கை உதறினான். எனக்கு ஒரே சந்தோசம், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்தச் சந்தோசம் கொஞ்ச நேரம்தான். உண்மை பேசத் தொடங்கின சனத்துக்குத் தாங்கியோடு நிறுத்தத் தெரியவில்லை. உத்தியோகத்தரைப் பற்றியும் நேற்றுச் சொன்னதெல்லாம் பொய் என்று யாரோ தொடங்கினார். வாய் என்றால் வாய், மேசன்மாரை ஏசுகிற சத்தம் பக்கத்துத் தீவு எழுவைதீவுக்குக் கேட்கும் என்றார் ஒருவர். இறால்கறி வைப்பது தாய், பிள்ளைக்கு அடுப்பு மூட்டவும் தெரியாது என்றார் இன்னொருவர். முடி சொந்த முடிதான், அதில் மாற்றமில்லை என்று சின்னத்துரை அண்ணை மட்டும் கடைசிவரை நின்றார். பத்மா மிஸ் எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதினார். அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

அறிக்கை வந்தது. தாங்கிகளின் நிலை பற்றி அக்குவேறு ஆணிவேறாக இருந்தது. முதல் நாள் திரட்டிய தகவல்கள் ஏன் கழிக்கப்பட்டன என்ற இடத்தில், பதில் சொன்னவர்கள் மதிப்பீட்டைத் திருமண விசாரணை என்று கருதியதால் என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை விளங்கப்படுத்த நடேசன் சேர் வெளிநாட்டுக்காரரோடு திரையில் ஒரு மணித்தியாலம் கதைக்கவேண்டி வந்தது. எவ்வளவு சொல்லியும் அவர்களுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ஆனாலும் அவர்கள் கவனமான ஆட்கள். அடுத்த திட்டத்தில் ஏற்படக்கூடிய அபாயங்களின் பட்டியலில் புயல், விலையேற்றம் ஆகியவற்றுக்குக் கீழே 'மதிப்பீட்டாளர் மணமகன் வீட்டாராகக் கருதப்படல்' என்று சேர்த்து, அபாய அளவு நடுத்தரம் என்று போட்டார்கள். உத்தியோகத்தருக்குக் கோபத்தைக் கட்டுப்படுத்தப் பயிற்சி தேவை என்பது அறிக்கையின் கடைசிப் பரிந்துரை. கொழும்புக்கு அனுப்பினார்கள். போய், அந்தப் பயிற்சியாளரோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தேன்.

திருத்தக் காசும் வந்தது. மாரிக்கு முன் எல்லாத் தாங்கிக்கும் உட்பூச்சுப் பூசி முடித்தோம். முதல் பெருமழைக்கு அடுத்த நாள் தவமணி அக்கா படலையில் நின்று என்னைக் கூப்பிட்டு, ஒரு செம்புத் தண்ணீரைக் கையில் தந்து, குடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். வாயைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

இனி இப்படி ஒரு கூத்து நடக்கக்கூடாது என்று சின்னத்துரை அண்ணை தன் பாட்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தார். படகில் இருந்து முன்பின் தெரியாத ஆள் இறங்கினால், கடையில் இருந்தபடியே கேட்பார்: "தாங்கிக்கோ, பொம்பிளைக்கோ?" தாங்கிக்கு என்றால் உண்மை. பொம்பிளைக்கு என்றால் புகழ். அந்தச் செய்தி ஆட்களுக்கு முன்னால் ஓடி ஊரெல்லாம் போய்விடும். இதைவிடத் திறமான ஏற்பாட்டை என் பதினெட்டுப் பக்கத்திலும் நான் யோசிக்கவில்லை.

அடுத்த வருசம் ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கரம்பொன்னிலிருந்து ஒரு அம்மா தனியாக வந்து இறங்கினார். மகனுக்கு என்னைப் பேசலாமோ என்று யாருக்கும் தெரியாமல் விசாரித்துப் பார்க்க வந்தவர். சின்னத்துரை அண்ணை வழக்கமான கேள்வியைக் கேட்டார். இரகசியமாக வந்த மனுசி, அவரிடம் பொம்பிளைக்கு என்று சொல்லுவாரா? தாங்கி என்றால் என்ன ஏது என்று தெரியாமலே, தாங்கிக்குத்தான் தம்பி என்றுவிட்டார்.

பிறகு கேட்கவேண்டுமா? ஊர் அவருக்கு என்னை ஒன்றும் விடாமல் கழற்றிப் பூட்டிக் காட்டியது. என் வாய், என் அடுப்பு, மேசன்மாரை ஏசினது, கொழும்பில் போய்ச் சண்டை பிடித்தது. தவமணி அக்கா தாங்கியடியில் ஒரு கதிரை போட்டு இருத்தி, குடிக்கத் தண்ணீரும் கொடுத்து, கோபம் வந்தால் நான் என்னென்ன சொல்லுவேன் என்று குரல் மாற்றிப் பேசியே காட்டியிருக்கிறார். அந்தப் பிள்ளை கத்தியிராவிட்டால் இந்தத் தண்ணி இல்லை, அதையும் எழுதுங்கோ என்று கடைசியில் சொன்னாராம்.

அந்த அம்மா அங்கிருந்து எழும்பி நேரே எங்கள் வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம் சம்பந்தம் கேட்டார். இப்போது அவர் எனக்கு மாமி. நான் வீட்டில் குரலை உயர்த்துகிற நேரமெல்லாம் (அடிக்கடி இல்லை, நாளுக்கு இரண்டு மூன்று தரம்) என்னுடைய மனுசன் பேப்பரில் இருந்து தலையை நிமிர்த்தாமல் தாயைக் கேட்பார், அம்மா, இது உங்களுக்குத் தெரிஞ்ச விசயமோ என்று. மாமி குசினியில் இருந்தபடி பதில் சொல்லுவார்: "ஓம் தம்பி, அறிக்கையிலை வந்ததுதான்."